பிழையே காணாத பிழைதிருத்தி

நின்றுபோன ஒரு சிற்றிதழின் பழைய இதழ்களைத் தட்டச்சு செய்து மின்னூலாக்கும் வேலையில் நாங்கள் நால்வர் இருந்தோம். மூவர் தட்டச்சுக்கு, கணினிப் பக்கம் என் பொறுப்பு. கட்டுரைக்கு ஓர் உரைக்கோப்பு, எல்லாம் ஒரே கிட் களஞ்சியத்தில்; யார், எப்போது, எதை மாற்றினார் என்று பதிந்துவைத்து, பழைய நிலைக்குத் திரும்பவும் விடும் சேமிப்பகம் அது. நள்ளிரவில் சர்வரில் ஒரு ஸ்கிரிப்ட் ஓடும். அன்றைக்கு மாறிய கோப்புகளை ஹன்ஸ்பெல் என்ற பிழைதிருத்தி நிரலிடம் கொடுத்து, அகராதியில் இல்லாத சொற்களை வாங்கி, காலையில் நால்வருக்கும் மின்னஞ்சலாக அனுப்பும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்து எழுதியது. என் மடிக்கணினியில் இரண்டு கோப்புகளை வைத்துச் சோதித்தேன். நானே போட்டுவைத்த பிழைகளைச் சரியாகப் பிடித்தது. சர்வரில் ஏற்றிவிட்டு மறந்துவிட்டேன்.

ஐந்து வாரம், தினமும் காலையில் ஒரே கடிதம்: "இன்று பிழைகள் இல்லை."

வெட்கத்தை விட்டுச் சொன்னால், எனக்குச் சந்தேகமே வரவில்லை. தட்டச்சு செய்தவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. மற்ற இருவரும் அவரிடம் படித்தவர்கள். அவர்கள் கையில் பிழை வராததில் என்ன வியப்பு? ஆறாவது வாரம் ஒரு கட்டுரையின் தலைப்பைச் சரிபார்க்கத் திறந்தேன். முதல் பத்தியிலேயே "இலக்கியயம்" என்று கிடந்தது. முந்தைய இரவு சோதனைக்குப் போய்வந்த கோப்பு அது.

மௌனத்துக்கு இரண்டு பொருள்

யூனிக்ஸ் இயங்குதள உலகில் பிழைதிருத்தியின் குணம் ஆரம்பத்திலேயே அமைந்துவிட்டது. 1975 இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டீவ் ஜான்சன் எழுதிய 'ஸ்பெல்' நிரல் உரையைச் சொற்களாக நறுக்கி, வரிசைப்படுத்தி, அகராதியோடு ஒப்பிட்டு, அதில் இல்லாதவற்றை மட்டும் அச்சிட்டது. சொல்ல ஒன்றுமில்லை என்றால் வாயைத் திறக்காது. ஹன்ஸ்பெல்லை ஓட்டும்போது கொடுக்கும் 'எல்' விருப்பமும், ஆஸ்பெல் என்ற இன்னொரு பிழைதிருத்தியின் 'லிஸ்ட்' கட்டளையும் இன்றுவரை அந்தப் பழக்கத்தையே கைக்கொள்கின்றன. அதனால் வெறுமையான பட்டியலுக்கு இரண்டு பொருள் உண்டு. எல்லாச் சொற்களையும் பார்த்தேன், எல்லாம் சரி என்பது ஒன்று. ஒரு சொல்லைக்கூடப் பார்க்கவில்லை என்பது இன்னொன்று. வெளியில் இருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே வெள்ளைத் தாள்தான்.

இரண்டையும் பிரித்தறிய ஹன்ஸ்பெல்லிலேயே வழி இருக்கிறது. பெரிய 'ஜி' விருப்பத்தைக் கொடுத்தால் சரியான சொற்களை மட்டும் அச்சிடும். ஐஸ்பெல் என்ற பழைய பிழைதிருத்தியின் காலத்திலிருந்து வரும் சிறிய 'ஏ' விருப்பம் இன்னும் வசதி: சரியான சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு நட்சத்திரக் குறி, விகுதி பிரித்துக் கண்டுபிடித்ததற்கு ஒரு கூட்டல் குறி, தவறானதற்கு வேறு குறிகள். ஈமாக்ஸ் போன்ற தொகுப்பிகள் பின்னணியில் பேசுவது இந்த முறையில்தான். நான் சர்வருக்குள் நுழைந்து அதே கோப்பைச் சிறிய 'ஏ' விருப்பத்தோடு ஓட்டினேன். நட்சத்திரங்கள் வந்து குவிந்திருக்க வேண்டும். ஒன்றுகூட வரவில்லை. கட்டுரையின் நடுவே இருந்த சில ஆங்கிலச் சொற்களுக்கு மட்டும் தவறு என்ற குறி வந்தது.

அங்கேதான் பிடிபட்டது. ஸ்கிரிப்ட் ஓடியது ஒரு கண்டெய்னருக்குள், அதாவது சர்வருக்குள்ளேயே தனியாக அடைத்துவைத்த ஒரு சிறு சூழலுக்குள். டெபியன் என்ற லினக்ஸ் வகையின் அடிப்படைக் கண்டெய்னரில், மொழியைக் குறிக்கும் 'லாங்' மாறி எதுவும் அமைக்கப்பட்டிருக்காது. எனவே மொழிச்சூழல், எதுவும் சொல்லாதபோது வரும் 'போசிக்ஸ்' என்றாகிவிடும். அதற்குள் நின்று எழுத்துமுறையைக் கேட்டால் 'ஆன்சி எக்ஸ்3.4-1968' என்று பதில் வரும். 1968 ஆம் ஆண்டின் ஆஸ்கி என்ற ஆங்கில எழுத்துமுறை; 128 எழுத்துகள். அதில் தமிழுக்கு இடமில்லை. உள்ளே வரும் உரை எந்த எழுத்துமுறையில் இருக்கிறது என்பதை, தனியாகச் சொல்லாவிட்டால், ஹன்ஸ்பெல் மொழிச்சூழலைக் கேட்டுத்தான் முடிவு செய்யும். தமிழ் பைட்டுகள் (கணினி எழுத்துகளைச் சேமிக்கும் எண்கள்) எல்லாம் அதன் கண்ணுக்கு நிறுத்தற்குறிகள் போலப் பட்டிருக்கின்றன. கோப்பு முழுவதையும் வெற்றிடமாகத் தாண்டிச் சென்றிருக்கிறது. என் மடிக்கணினியில், தமிழையும் ஏற்கும் எழுத்துமுறையான யூடிஎஃப்-8 அமைந்திருந்ததால் அங்கே எந்தச் சிக்கலும் எழவில்லை.

என் பங்குக்கு நான் செய்த இரண்டு காரியங்கள் இந்தக் கோளாறை ஐந்து வாரம் மூடிவைத்தன. ஆங்கிலச் சொற்கள் பட்டியலை நிறைக்கக் கூடாதென்று, இலத்தீன் எழுத்துள்ள வரிகளை நீக்கும் ஒரு வடிகட்டியை ஸ்கிரிப்டில் போட்டிருந்தேன். ஒவ்வோர் இரவும் ஆங்கிலச் சொற்கள் மட்டுமே வந்திருக்கின்றன. இருந்த ஒரே தடயத்தை நானே துடைத்திருக்கிறேன். இரண்டாவது, அதே கண்டெய்னரில் ஓடிய, பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதிய நிரல் தமிழைச் சரியாகப் படித்து மின்னஞ்சலைத் தயாரித்துக்கொண்டிருந்தது. 3.7 பதிப்பிலிருந்து பைத்தான் 'போசிக்ஸ்' சூழலைக் கண்டால் தானாகவே யூடிஎஃப்-8க்கு மாறிக்கொள்கிறது. பக்கத்து வீட்டில் விளக்கு எரிவதைப் பார்த்து நம் வீட்டிலும் மின்சாரம் இருப்பதாக நினைத்த கதை.

சரிசெய்ய இரண்டே வரிகள் போதுமாயிருந்தன. மொழிச்சூழலைத் தீர்மானிக்கும் 'எல்சி ஆல்' மாறியை 'சி.யூடிஎஃப்-8' என்று அமைத்தேன். டெபியனில் இந்தச் சூழல் எப்போதும் தயாராக இருக்கும். ஹன்ஸ்பெல்லுக்கும் 'ஐ' விருப்பத்தில் யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாகச் சொன்னேன். இன்னொரு பாடமும் அப்போதுதான் கிடைத்தது. ஹன்ஸ்பெல்லும் ஆஸ்பெல்லும் பட்டியலிடும்போது, பிழை கண்டாலும் காணாவிட்டாலும் நிரல் முடியும்போது தரும் வெளியேறும் எண் பூஜ்யம்தான், அதாவது கோளாறு இல்லை. பிழை இருந்தால் ஸ்கிரிப்ட் தானே நின்றுவிடும் என்று நம்பியிருந்தால் அது நடந்திருக்காது. வெளியீட்டைப் பிடித்து, வெறுமையா என்று நாமே பார்க்க வேண்டும்.

வெள்ளம்

மறுநாள் காலை வந்த கடிதத்தை என் கைப்பேசியில் திறக்கவே முடியவில்லை. ஐந்து வாரக் கட்டுரைகளை ஒட்டுமொத்தமாக ஓட்டியிருந்தேன். இரண்டாவது சொல்லுக்கு ஒன்று தவறு என்று வந்திருந்தது போலத் தோன்றியது. ஆசிரியை அழைத்து, "தம்பி, போன வாரம் வரை எங்களுக்குத் தமிழ் தெரிந்திருந்தது. ஒரே இரவில் மறந்துவிட்டோமா?" என்று கேட்டார்.

பட்டியலைச் சொல்வாரியாக எண்ணி வரிசைப்படுத்தலாம் என்று பைத்தானில் ஒரு சிறு நிரல் எழுதினேன். அது குழப்பத்தைக் கூட்டியது. பைத்தானின் வழக்கமான தேடல்கோவையில் (உரையில் எதைத் தேட வேண்டும் என்று சொல்லும் வடிவம்) 'சொல்லெழுத்து' என்ற வகை, உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எழுத்தாக எண்ணுவதில்லை. "தமிழ்" என்று கொடுத்தால் "தம" என்றும் "ழ" என்றும் இரண்டு துண்டுகள் வரும். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் தரும் யூனிகோடில் அந்தச் சொல் ஐந்து குறிகள்: த, ம, இகரக்குறி, ழ, புள்ளி. மூன்றை எழுத்தென்றும் இரண்டை ஒட்டுக்குறி என்றும் பைத்தான் பிரிக்கிறது. பெர்ல் என்ற இன்னொரு நிரல்மொழியில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே ஒட்டுக்குறிகளும் சொல்லில் அடக்கம்.

பழைய பாணியில், எழுத்துகளை மாற்றும் 'டிஆர்' கட்டளையால் நறுக்கிப் பார்க்கலாமென்று போனால் அது இன்னும் மோசம். குனூவின் 'டிஆர்' பைட் பைட்டாகத்தான் வேலை செய்யும். யூடிஎஃப்-8 இல் ஒரு தமிழ்க் குறி மூன்று பைட். முதல் பைட் எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. அதாவது எல்லாத் தமிழ்க் குறிகளும் தொடங்குவது ஒரே மாதிரி. அதில் ஒரு பைட்டைத் தொட்டால் மொழி முழுவதும் நொறுங்கும். ஹன்ஸ்பெல்லின் விதிக்கோப்பில் 'வேர்ட்சார்ஸ்' என்றொரு வரி இருக்கிறது. கட்டளைவரியில் சொல்லைப் பிரிக்கும்போது கூடுதலாக எந்தக் குறிகளைச் சொல்லின் பகுதியாகக் கருத வேண்டும் என்று அறிவிப்பதற்கே அந்த வரி. தமிழுக்கு விதிக்கோப்பு எழுதுபவர் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது என்பேன்.

துண்டாக்கும் சிக்கல் தீர்ந்தபின்பும் சில சொற்கள் புதிராகவே நின்றன. "கொடுத்தான்" தவறாம். அதே சொல்லை நான் தட்டினால் சரியாம். பைட்டுகளை எண்ணிப் பார்த்தபின் தெரிந்தது: தட்டச்சு செய்தவர்களில் ஒருவர் பழைய எழுத்துருவில் அடித்து, மாற்றியின் மூலம் யூனிகோடுக்குக் கொண்டுவந்திருக்கிறார். அந்த மாற்றி 'கொ'வை மூன்று குறிகளாக எழுதுகிறது: ககரம், ஒற்றைக்கொம்பு, கால். என் விசைப்பலகை இரண்டு குறிகளாக எழுதுகிறது: ககரம், கொம்பும் காலும் சேர்ந்த ஒகரக்குறி. யூனிகோடின் பார்வையில் இரண்டும் சமம். அகராதியின் பார்வையில் வெவ்வேறு. ஐசியு என்ற யூனிகோட் கருவித் தொகுப்பில் வரும் 'யூகன்வ்' கட்டளையால் எல்லாக் கோப்புகளையும் ஒரே சேர்ப்பு வடிவத்துக்கு மாற்றியதும் பட்டியலில் கணிசமான பகுதி உதிர்ந்தது. கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருந்த பைட் வரிசைக் குறியும், இணையத்திலிருந்து நகலெடுத்த வரிகளில் ஒட்டிவந்த அகலமில்லா இடைவெளிகளும் அதே சுற்றில் போயின.

அடுத்தது உண்மையான மலை: தமிழ் இலக்கணம்.

ஹன்ஸ்பெல் அகராதி இரண்டு கோப்புகளால் ஆனது. ஒன்றில் வேர்ச்சொற்கள், மற்றொன்றில் அவை ஏற்கும் ஒட்டுகளின் விதிகள். "வீடு" என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் வேற்றுமையில் "வீட்டை". இறுதி 'டு'வை நீக்கி 'ட்டை' சேர் என்று ஒரு விதி எழுதலாம். அதே விதியை "வண்டு"க்குப் போட்டால் "வண்ட்டை" என்று வந்து நிற்கும். ஆகவே 'டு'வுக்கு முன்னால் புள்ளி இருக்கக் கூடாது என்ற நிபந்தனையையும் சேர்க்க வேண்டும். இதுவரை சரி. "வீட்டைக் கட்டினான்", "வீட்டைப் பார்த்தான்", "வீட்டைத் திறந்தான்", "வீட்டைச் சுற்றினான்". அடுத்த சொல்லின் முதலெழுத்தைப் பொறுத்து வல்லினம் மிகுகிறது. ஒரு வேற்றுமைக்கே ஐந்து வடிவங்கள். பன்மை சேர்ந்தால் "வீடுகளைக்". அதில் மூன்று அடுக்கு: கள், ஐ, க். இந்த நிரலை எழுதிய லாஸ்லோ நேமெத் ஹங்கேரியர். ஒட்டுநிலை மொழியின் வலி அறிந்தவர். அதனால்தான் ஒரு சொல்லிலிருந்து இரண்டு அடுக்கு விகுதிகளைக் கழற்றும் வசதியை வைத்தார். ஆனால் இரண்டுதான். தமிழ் மூன்றாவது, நான்காவது அடுக்கை வெகு இயல்பாகப் போட்டுக்கொண்டே போகும். விதி எழுதுபவர் இரண்டு அடுக்குகளை முன்கூட்டியே ஒன்றாக ஒட்டி ஒரே விகுதியாக எழுதிவைக்க வேண்டும். பொறுமை இருந்தால் செய்யலாம். நான் பெயர்ச்சொற்களுக்கு ஓரளவு செய்துவிட்டு, வினைமுற்றுகளைப் பார்த்ததும் கும்பிட்டுவிட்டு எழுந்துவிட்டேன்.

ஆஸ்பெல் பக்கம் போகவில்லையா என்று கேட்பவர்களுக்காக ஒரு சொல்: போனேன். 'லிஸ்ட்' கட்டளைக்குப் பின்னால் கோப்பின் பெயரை எழுதிவிட்டு, நிரல் ஏன் அசையாமல் நிற்கிறது என்று சில நிமிடங்கள் பார்த்துக்கொண்டிருந்தேன். அது கோப்புப் பெயரைப் பொருட்படுத்தாமல் விசைப்பலகையிலிருந்து உரை வருமென்று காத்திருந்தது. கோப்பை உள்ளீடாகத் திருப்பிவிட வேண்டும். அதன் தனிப்பட்ட சொற்பட்டியலின் தலைவரியில் யூடிஎஃப்-8 என்று குறிப்பிடாவிட்டால் தமிழ்ச் சொற்களை ஏற்காது. இந்தத் தடைகளைத் தாண்டினால் ஒழுங்காகவே வேலை செய்கிறது. ஆனால் அதற்குக் கிடைக்கும் தமிழ் அகராதி 2004 ஆம் ஆண்டுத் தேதியைத் தாங்கியது. எங்கள் தேவைக்கு உதவவில்லை.

முடிவில் நான் பிடித்த வழி இலக்கணத்தைச் சுற்றிக்கொண்டு போவது. அகராதி அறியாத சொற்களை எத்தனை முறை வருகின்றன என்று எண்ணினேன். ஒரே ஒருமுறை வருபவை பட்டியலின் மேலே. பல கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வருபவை கீழே. கைத்தவறு பெரும்பாலும் ஒருமுறைதான் நிகழும். "இலக்கியயம்" இரண்டு முறை வராது. "படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு" என்பது அகராதியில் இல்லாவிட்டாலும் நாலைந்து இடங்களில் வந்துவிடும். தினமும் காலையில் ஓர் இருபது சொற்களைப் பார்த்தால் போதும் என்ற நிலை வந்தது. எல்லோருக்கும் நிம்மதி.

ஔவை

இந்த நிம்மதியும் கொஞ்ச நாள்தான். மின்னூலுக்குப் பெயரடைவு தயாரிக்க உட்கார்ந்தோம். "ஔவையார்" எங்கெல்லாம் வருகிறார் என்று கோப்புகளில் சொல் தேடும் கிரெப் கட்டளையால் தேடினேன். நீதிநூல்கள் பற்றி ஒரு தனிச் சிறப்பிதழே அந்தப் பத்திரிகை வெளியிட்டிருக்கிறது. அந்த இதழில் அவர் ஓரிடத்திலும் இல்லை என்று கிரெப் சொன்னது. கோப்பைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் ஔவையார்.

அவை அனைத்தும் "ஒளவையார்". ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து அடித்தது. ஔ என்ற தனி எழுத்து அங்கே இல்லை. திரையில் பல எழுத்துருக்களில் வித்தியாசமே தெரியாது. பிழைதிருத்தி இதை முதல் நாளே பிடித்திருக்கிறது. இருபது முப்பது முறை வந்ததால் என் எண்ணிக்கைத் தந்திரம் அதைப் பட்டியலின் அடியில் புதைத்துவிட்டது.

ஆசிரியையிடம் சொன்னேன்.

"ஔவையார் என்றுதானே அடித்திருக்கிறேன். இதில் உங்கள் இயந்திரம் என்ன குற்றம் கண்டது?"

"அம்மா, நீங்கள் ஒ அடித்துவிட்டு, பிறகு ள அடித்திருக்கிறீர்கள். கணினிக்கு ஔ என்பது தனி எழுத்து."

"தம்பி, நான் முப்பது வருடம் கரும்பலகையில் ஒ போட்டு, பக்கத்தில் ள போட்டுத்தான் ஔ எழுதினேன். பிள்ளைகளுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன்."

அவர் சொன்னதில் தவறு இல்லை. கையெழுத்தின் நியாயம் வேறு, குறியெண்ணின் நியாயம் வேறு. கால் போட வேண்டிய இடத்தில் ரகரம் போடுவதும், எகரத்துக்குப் பதிலாகத் தமிழ் எண் ஏழான ௭ ஐ இடுவதும், அகரத்துக்கு எட்டான ௮ ஐ இடுவதும் இதே குடும்பத்துப் பிழைகள். ஸ்ரீ இன்னொரு வேடிக்கை. 2005 இல் யூனிகோடில் ஶ என்ற எழுத்து சேர்ந்தபின், அதை வைத்தும் எழுதலாம், பழையபடி ஸகரத்தை வைத்தும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவம். கொம்பையும் காலையும் சேர்த்துவைத்த சேர்ப்பு வடிவ மாற்றம் இவற்றில் எதையும் தொடாது. ஏனென்றால் யூனிகோட் இவற்றைச் சமமென்று சொல்லவில்லை.

அவசரத்தில் நான் அடுத்துச் செய்தது இந்த ஆய்வில் எனக்குப் பெருமை தராத பகுதி. கொம்புக்குப் பின் ளகரம் வந்தால் அதை ஔகாரக் குறியாக மாற்று என்று உரையைத் தேடி மாற்றும் 'செட்' கட்டளையில் ஒரு வரி எழுதிக் களஞ்சியம் முழுவதும் ஓட்டினேன். "கெளரவம்" கௌரவம் ஆனது. "பெளர்ணமி" பௌர்ணமி ஆனது. கூடவே "தெளிவு", "வெளிச்சம்", "கெளுத்தி மீன்" எல்லாவற்றிலும் ளகரம் மறைந்து, இரண்டு உயிர்க்குறிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய வினோத உருவங்கள் நின்றன. ஒகரத்துக்கும் அதே வரியைப் போட்டிருந்ததால் "ஒளி"யும் அணைந்தது. கிட் இருந்ததால் தப்பித்தேன். திருத்திய விதி: ளகரத்துக்குப் பின்னால் வேறு உயிர்க்குறியோ புள்ளியோ இருந்தால் அது உண்மையான ளகரம், தொடாதே, இல்லாவிட்டால் மட்டும் கேள். மாற்றாதே, கேள். மீந்தவற்றைக் கண்ணால் பார்த்து மாற்ற ஒரு மாலைப்பொழுது போதுமானதாக இருந்தது. எண்ணிக்கைத் தந்திரத்துக்கும் ஒரு விதிவிலக்கு வைத்தேன்: இப்படிப்பட்ட இரட்டை உருவங்கள் உள்ள சொல் எத்தனை முறை வந்தாலும் பட்டியலின் மேலேதான் நிற்கும்.

தீராமல் நிற்பவை

"வீட்டைக் பார்த்தான்" என்பதை எங்கள் அமைப்பு இன்றும் பிடிக்காது. "வீட்டைக்" சரியான வடிவம், "பார்த்தான்" சரியான சொல். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் கண் ஹன்ஸ்பெல்லுக்குக் கிடையாது. வலி, வழி, வளி மூன்றும் அகராதியில் உண்டு. "வலி தெரியாமல் அலைந்தான்" என்று எழுதினால் அது நல்ல வாக்கியமாகவே கடந்துபோகும். ரகர றகரமும் ணகர னகரமும் அப்படியே. விதிக்கோப்பில் 'மேப்', 'ரெப்' வரிகளில் இந்த எழுத்துக் கூட்டங்களை எழுதிவைத்தால் தவறான சொல்லுக்கு நல்ல பரிந்துரை கிடைக்கும். சொல்லே தவறில்லை என்றால் அவை விழித்துக்கொள்ளாது. இவற்றுக்கு ஆசிரியையின் கண்தான். அவரும் அதைத்தான் விரும்புகிறார்.

சர்வரில் இப்போது இரண்டு காவல்கள் இருக்கின்றன. ஒன்று, ஒவ்வோர் இரவும் ஹன்ஸ்பெல் எத்தனை சொற்களைப் பார்த்தது என்பதைக் குறிகளை எண்ணிக் கணக்கிட்டு, கோப்பில் உள்ள சொற்களின் எண்ணிக்கைக்கு அருகில் அது வராவிட்டால் அறிக்கையே அனுப்பாமல் எனக்கு மட்டும் எச்சரிக்கை அனுப்புவது. இன்னொன்று, களஞ்சியத்தில் "சோதனை" என்ற பெயரில் ஒரு கோப்பு. அதில் ஒரே ஒரு சொல்: "இலக்கியயம்". அது பட்டியலில் வராத இரவில் அமைப்பு செத்துவிட்டது என்று பொருள்.

சென்ற மாதம் ஓர் இரவு எச்சரிக்கை வந்தது. கண்டெய்னர், மொழிச்சூழல், அகராதி எல்லாவற்றையும் ஒரு மணி நேரம் துருவினேன். எல்லாம் சரியாக இருந்தன. பிறகு கிட் பதிவுகளைப் பார்த்தேன். ஆசிரியை அந்தக் கோப்பைத் திறந்து, யகரம் ஒன்றை நீக்கி, "ஒரு சொல் கோப்பிலும் பிழையா?" என்று குறிப்பெழுதிச் சேமித்திருந்தார்.